டிடிஎஸ் விளக்கு எரியும் வரை: ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் பிட் பிசகாமல் பாட்டு

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் முகப்பில் 'டிடிஎஸ்' (சினிமாவின் பல சேனல் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று எழுத்து தெரிந்த பிறகுதான் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொண்டேன். அப்போது ஓடிக்கொண்டிருந்தது சினிமா இல்லை. சிடியில் இருந்து எடுத்த ஒரு ஃபிளாக் கோப்பு, அதாவது எதையும் இழக்காமல் சுருக்கிய ஒலிக் கோப்பு. பிளேயரைக் கேட்டால் அது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல் பாட்டு என்றுதான் சொல்லும். உள்ளே பொதிந்திருப்பது டிடிஎஸ் தரவு என்பது பிளேயருக்கும் தெரியாது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் தெரியாது. ரிசீவர் மட்டும்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அதுவும் வழியில் யாரும் கை வைக்காமல் பிட்டுகள் அப்படியே வந்து சேர்ந்தால்தான். விளக்கு எரிந்தால் கோப்பில் இருப்பது அப்படியே ரிசீவருக்குப் போகிறது என்று அர்த்தம். காது, கேபிள் விளம்பரம், அடுத்தவர் அபிப்பிராயம் எதையும் நம்பத் தேவையில்லை. இந்த ஒரு சோதனையை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டால் மீதி வேலை பாதியாகிவிடும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

டிவிக்குக் கீழே இருப்பது அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் ஒட்டி வைக்கும் ரகத்துச் சின்னக் கம்ப்யூட்டர். நாலு கோர் பிராசசர், 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. சிடி தரத்துப் பாட்டு என்பது நொடிக்கு 1,411 கிலோபிட், அவ்வளவுதான். அதை அனுப்ப எந்தப் பழைய பிராசசரும் போதும். இயங்குவது லினக்ஸ். படம் பார்க்க கோடி மீடியா பிளேயர். பாட்டுக்கு மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்பிடி. திரையே இல்லாமல் பின்னணியில் ஓடும், போனில் இருந்து இயக்கலாம். ஒலிக்கு ஒரு ஏவி ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். புதிதாகப் பெட்டி எதுவும் வாங்குவதில்லை, இருப்பதை ஒழுங்காக ஓட வைப்பது என்பதுதான் திட்டம்.

சந்தேகம் வந்தது ரிமோட்டில் இருக்கும் இன்ஃபோ பொத்தானால். அதை அழுத்தினால் உள்ளே வரும் சிக்னலின் விவரம் திரையில் வரும். சிடி பாட்டு ஓடும்போது அதில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தது. சிடியின் வேகம், அதாவது நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 44.1 ஆயிரம். டிவிடியும் ப்ளூரேயும் பெரும்பாலும் 48. நடுவில் யாரோ மாற்றுகிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பிரவுசர், பிளேயர், அறிவிப்பு வந்தால் அடிக்கும் 'டிங்' என எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே வேகத்தில் சவுண்ட் கார்டுக்கு அனுப்புவதுதான் ஒலி சர்வரின் வேலை. என் கம்ப்யூட்டரில் அந்த வேலையைப் பார்ப்பது பைப்வயர். அது மாற்றிச் சொல்லாதவரை 48-இல்தான் ஓடும். விண்டோஸிலும் இதே கதைதான். அங்கே ஒலி செட்டிங்கில் 'டீஃபால்ட் ஃபார்மேட்' என்று எதைத் தேர்ந்து வைத்திருக்கிறோமோ அந்த வேகத்துக்கு எல்லாப் பாட்டும் மாற்றப்படும்.

இந்த மாற்றம் காதில் கேட்குமா? நல்ல ரீசாம்ப்ளர் (வேகத்தை மாற்றும் மென்பொருள்) என்றால் எனக்குக் கேட்காது. உங்களுக்கும் கேட்காது என்றுதான் நினைக்கிறேன். என்னை உறுத்தியது வேறு. ஒலி சர்வர் ஒரு முறை, ரிசீவர் தன் உள்வேலைக்காக இன்னொரு முறை, பிளேயரின் வால்யூம் ஒரு முறை என்று எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்தது. ஒரு நாள் ஏதாவது கரகரத்தால் எங்கே தேடுவது?

சோதனைக் கோப்பு

டிடிஎஸ் இசைத் தட்டு என்று ஒரு வகை உண்டு. பார்க்க சாதாரண சிடிதான். அதே 44.1, அதே 16 பிட். ஆனால் இசை இருக்க வேண்டிய இடத்தில் 5.1 சேனல் டிடிஎஸ் தரவு இருக்கும். சாதாரண பிளேயரில் போட்டால் மழை பெய்வது மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் மட்டும் வரும். அப்படி ஒரு தட்டு இருந்தால் சிடியைப் போலவே ரிப் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, ஃபிளாக்காக வைத்துக்கொள்ளலாம். ஃபிளாக் எதையும் இழக்காமல் சுருக்குவது என்பதால் உள்ளே இருக்கும் டிடிஎஸ் தரவு கெடாது.

தட்டு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் (ஒலி, படக் கோப்புகளை மாற்றும் மென்பொருள்) கொண்டு ஏதாவது ஒரு பாட்டை டிடிஎஸ் போன்ற இன்னொரு முறையான டால்பி டிஜிட்டலாக மாற்றி, 'எஸ்பிடிஐஎஃப்' (டிஜிட்டல் ஒலியைக் கேபிளில் அனுப்பும் வடிவம்) ஆக வெளியே எடுத்து, அந்தப் பிட்டுகளை 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ என்று சொல்லி ஃபிளாக்குக்குள் போட்டுவிடலாம். அரை நிமிட நீளம் போதும். சில ரிசீவர்கள் 'இது ஒலி அல்ல, தரவு' என்று தனிக் குறிப்பு வராமல் டால்பியை அடையாளம் காணாது. டிடிஎஸ் தட்டு விஷயத்தில் அந்தத் தொல்லை குறைவு.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வழியில் பிட் மாறினால் வருவது பாட்டு அல்ல, முழு இரைச்சல். ட்வீட்டரை (உயர் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காப்பாற்ற ரிசீவர் வால்யூமைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் பிளேயை அழுத்த வேண்டும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முயற்சிக்கவே கூடாது.

இரண்டாவது கொஞ்சம் தந்திரமானது. இதே கோப்பை வேவ் வடிவத்தில் கோடியில் ஓட்டினால் விளக்கு உடனே எரியும். ஆனால் அது எதையும் நிரூபிக்காது. வேவுக்குள் டிடிஎஸ் ஒளிந்திருக்கிறதா என்று கோடி தானே தேடிப் பார்க்கும். கண்டால் பாஸ்த்ரூவாக, அதாவது பிரிக்காமல் அப்படியே, தனி வழியில் அனுப்பிவிடும். சாதாரணப் பாட்டு போகும் வழி சோதிக்கப்படவே இல்லை. இது புரியும் வரை ஒரு மாலை முழுக்க 'எல்லாம் சரியாக இருக்கிறது, பிறகு ஏன் 48 என்று காட்டுகிறது' என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். சோதனைக் கோப்பு ஃபிளாக்காகவே இருக்கட்டும்.

எதிர்ச் சோதனையும் முக்கியம். விளக்கு எரிந்த பிறகு, மென்பொருள் வால்யூம் இயங்கும் வெளியீட்டில் பிளேயரின் வால்யூமை 100-இல் இருந்து 99-க்கு இறக்கினேன். எழுத்து மறைந்தது, இரைச்சல் கிளம்பியது. மறுபடி 100, ஓரிரு நொடியில் எழுத்து வந்தது. இப்படி அணைத்துக் காட்ட முடிந்தால்தான் அந்த விளக்கை நம்பலாம்.

எந்த கேபிள்

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையில் இருந்து ரிசீவரின் சிவப்பு வெள்ளைத் துளைகளுக்கு அனலாக் கேபிள் போட்டிருந்தேன். பாட்டு வந்தது. கூடவே ஒரு தாழ்ந்த 'ம்ம்ம்' உறுமலும் வந்தது. பாட்டு நின்ற பிறகு மௌஸை அசைத்தால் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று கீச்சுக் குரல் கேட்கும். இரண்டும் வேறு வேறு நோய். உறுமல் எர்த் வளையத்தால் வருவது: கம்ப்யூட்டர் ஒரு வழியாக எர்த் ஆகிறது, டிவிக்கு வரும் கேபிள் டிவி கம்பி வேறு வழியாக எர்த் ஆகிறது, இரண்டுக்கும் நடுவே ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி மாட்டிக்கொள்கிறது. கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேபிள் டிவியின் கோஆக்ஸ் கம்பியை டிவியில் இருந்து உருவியதும் உறுமல் சட்டென்று நின்றது. சிலர் பிளக்கின் எர்த் முள்ளை டேப் சுற்றி மறைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அது உயிரைக் காப்பதற்காக இருக்கும் முள்.

மௌஸ் கீச்சுக்குக் காரணம் மதர்போர்டுக்குள் இருக்கும் மின் இரைச்சல். டிஜிட்டல் சில்லுகளின் பக்கத்திலேயே அனலாக் வெளியீடு உட்கார்ந்திருப்பதால் அது கலந்துவிடுகிறது. மென்பொருளால் தீராது.

அடுத்தது ஆப்டிகல். இதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. எர்த் வளையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உறுமலும் கீச்சும் ஒரே நேரத்தில் ஒழிந்தன. பாட்டு மட்டும் கேட்பவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நன்றாகவே இருக்கும். கேபிளின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காமல், கூர்மையாக மடக்காமல் போட்டால் சரி. குறை என்னவென்றால், ஆப்டிகலில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 5.1 வேண்டும் என்றால் பழைய டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். ப்ளூரேயில் இருக்கும் ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ ரகங்கள் அதில் போகாது. எனக்குப் படமும் முக்கியம் என்பதால் எச்டிஎம்ஐக்கு மாறினேன்.

எச்டிஎம்ஐயும் அதன் பிடிவாதமும்

எச்டிஎம்ஐயில் ஒலிக்கென்று தனிக் கம்பி கிடையாது. படத்துக்கு நடுவே வரும் இடைவெளிகளில்தான் ஒலித் தரவும் ஏறிப் போகிறது. ஆகவே படம் நின்றால் ஒலியும் நிற்கும். கம்ப்யூட்டர் திரையை அணைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் பாட்டும் போய்விடும். பாட்டு கேட்கும்போது டிவியை எரிய விட எனக்கு மனசில்லை. டிவியை அணைத்தால் ரிசீவர் கம்ப்யூட்டருக்கு 'இணைப்பு மாறிவிட்டது' என்று சொல்லும், கம்ப்யூட்டர் ஒலிக் கருவியே காணோம் என்று கைவிரிக்கும், எம்பிடி பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

தீர்வு ஈடிஐடி எனும் சின்னக் கோப்பில் இருந்தது. தன்னால் எந்தெந்தப் படத் தரமும் ஒலி வகையும் எடுத்துக்கொள்ள முடியும் என்று டிவியும் ரிசீவரும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அடையாள அட்டை அது. என்னுடையது 256 பைட்டு. டிவி, ரிசீவர் இரண்டும் இயங்கும்போது லினக்ஸின் சிஸ் கோப்புறையில் இருந்து அதை நகலெடுத்து ஃபர்ம்வேர் கோப்புறையில் வைத்தேன். 'இந்த இணைப்புக்கு எப்போதும் இந்த அட்டைதான், அது இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது' என்று பூட் வரியில் சேர்த்தேன். ரீபூட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. கிராபிக்ஸ் டிரைவர் வன்தட்டு மவுண்ட் ஆவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஃபர்ம்வேர் கோப்புறை அதன் கண்ணுக்கே தெரியாது. ஈடிஐடி கோப்பை, பூட்டின் தொடக்கத்திலேயே ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொகுப்புக்குள்ளும் சேர்த்து மறுபடி உருவாக்கிய பிறகு சரியாகிவிட்டது. இப்போது டிவியை அணைத்தாலும் போட்டாலும் பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது. ரிசீவரை மாற்றினால் இந்தக் கோப்பையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே எச்டிஎம்ஐ துளைதான் இருக்கிறது, ஆனால் லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் பட்டியலில் 3, 7, 8, 9 என்று நாலு கருவி தெரியும். எதில் சத்தம் வருகிறது என்று ஒவ்வொன்றாக ஸ்பீக்கர் டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு 7. அதோடு, கார்டின் எண் பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடும். கட்டமைப்புக் கோப்பில் எண்ணுக்குப் பதிலாகக் கார்டின் பெயரை எழுதுவது நல்லது.

எம்பிடி

இனி வழியில் நிற்பது ஒலி சர்வர்தான். பைப்வயரிலேயே 44.1-ஐயும் அனுமதிக்கப்பட்ட வேகங்களில் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. வேறு எதுவும் ஓடாத நேரத்தில் பாட்டின் வேகத்துக்கு அது மாறிக்கொள்ளும். பிரவுசரும் பாட்டும் ஒரே கம்ப்யூட்டரில் வேண்டும் என்பவருக்கு அதுதான் நிம்மதியான வழி. என் கம்ப்யூட்டரில் பிரவுசருக்கு வேலை இல்லை. அதனால் எச்டிஎம்ஐ கார்டை ஒலி சர்வரிடம் இருந்து மொத்தமாகப் பிடுங்கி, அதன் புரொஃபைலை 'ஆஃப்' என்று வைத்துவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் எம்பிடி கார்டைத் திறக்கும்போதெல்லாம் 'கருவி வேறு வேலையில் இருக்கிறது' என்றுதான் பதில் வரும்.

எம்பிடியின் வெளியீட்டு அமைப்பு நாலைந்து வரிதான். வகை ஆல்சா. கருவியின் பெயர் 'எச்டபிள்யூ' என்று தொடங்க வேண்டும், 'பிளக்எச்டபிள்யூ' என்று அல்ல. இரண்டாவது வகை, கார்டு ஏற்காத எதையும் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். வசதிதான், ஆனால் நமக்கு இங்கே அந்த உதவி வேண்டாம். தானியங்கி ரீசாம்பிள், தானியங்கி ஃபார்மேட், தானியங்கி சேனல் மூன்றுக்கும் 'நோ'. மிக்சர் வகை 'நன்'. ரீப்ளேகெயின் ஆஃப். ரீப்ளேகெயின் நல்ல வசதி என்பதில் சந்தேகமில்லை. வெவ்வேறு ஆல்பங்களின் சத்தத்தைச் சமன் செய்யும். ஆனால் பிட்டுகளைப் பெருக்கித்தான் அதைச் செய்கிறது. சோதனை முடியும் வரை அது இருக்கக் கூடாது.

எல்லாம் வைத்த பிறகு விளக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. லினக்ஸின் ப்ராக் கோப்புறைக்குள், ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் அது அந்த நொடியில் எப்படி ஓடுகிறது என்று காட்டும் சின்ன உரைக்கோப்பு இருக்கும். பாட்டு நின்றிருந்தால் 'மூடப்பட்டது' என்று ஒரே வார்த்தை. ஓடும்போது திறந்தால் ஃபார்மேட், சேனல், வேகம் எல்லாம் வரிசையாக வரும். எனக்கு 32 பிட், 2 சேனல், 44100 என்று வந்தது. கோப்பு 16 பிட்தானே, 32 எங்கிருந்து வந்தது என்று பதற வேண்டாம். கார்டு அந்த அகலத்தில் கேட்டது. எம்பிடி ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் சுழியங்களைச் சேர்த்திருக்கிறது. மதிப்பு மாறவில்லை. ரிசீவரின் இன்ஃபோ திரையிலும் 44.1 வந்தது. அப்புறம் சோதனைக் கோப்பு, விளக்கு.

அங்கிருந்து வால்யூம் கேள்வி எழும். மிக்சர் 'நன்' என்றால் போனில் இருந்து சத்தத்தைக் குறைக்க முடியாது, ரிசீவர் ரிமோட்தான். வீட்டில் மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல். 16 பிட் பாட்டை 24 பிட் வழியில் அனுப்பினால் கீழே 8 பிட் காலியாக இருக்கிறது. அதாவது மென்பொருளில் 48 டெசிபல் வரை குறைத்தாலும் பாட்டின் கடைசி பிட் தரையில் தட்டாது. ஆகவே 24 பிட்டாக வெளியே விடும் பட்சத்தில் மென்பொருள் வால்யூமைத் திட்டுவதற்குக் காரணம் இல்லை. சோதனைக்காக ஒரு வெளியீடு, தினசரிக்கு மென்பொருள் வால்யூமோடு இன்னொரு வெளியீடு என இரண்டை வைத்துவிட்டேன். தினமும் ஓடுவது இரண்டாவதுதான்.

விண்டோஸில் செய்பவர்களுக்கு இதில் பாதி வேலை இல்லை. விஸ்டா காலத்தில் வந்த ஒலி அமைப்பான வாசாபியில் 'எக்ஸ்க்ளூசிவ்' முறை இருக்கிறது. கார்டின் செட்டிங்கில் அதற்கு அனுமதி கொடுத்து, ஃபூபார்2000 போன்ற பிளேயரில் அந்த வெளியீட்டைத் தேர்ந்தால் மிக்சரைத் தாண்டிப் போய்விடும். சோதனை அதேதான்.

ரிப் செய்ததைப் பற்றிக் கொஞ்சம்

வழியைச் சுத்தம் செய்துவிட்டு அழுக்கான கோப்பை ஓட்டுவதில் பொருள் இல்லை என்று பழைய ரிப்களைத் திறந்து பார்த்தேன். எம்பி3 ஆக இருந்தவற்றை மட்டும் தட்டில் இருந்து மறுபடி எடுத்தேன். ஒரே தட்டை மற்றவர்கள் எடுத்தபோது கிடைத்த செக்சம்மோடு (சரிபார்ப்பு எண்) நம்முடையதை ஒப்பிட்டுக் காட்டும் ஆக்யுரேட்ரிப் இருக்கும்போது வேறு வாதம் தேவையில்லை. பொருந்தினால் அந்தத் தட்டை உறையில் போட்டு மேலே வைத்துவிடலாம். பொருந்தாத தட்டுகளை ஈரத் துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைத்து, டிரைவின் வேகத்தை 4 மடங்குக்கு இறக்கி எடுத்ததில் பெரும்பாலானவை தேறின. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், பிழை திருத்தத்துக்கு அது ரொம்பக் கடினம். ஒவ்வொரு ஃபிளாக்குக்குள்ளும் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால், கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றிய பிறகும் கெடாமல் இருக்கின்றனவா என்று ஒரே கட்டளையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கோடி

படத்துக்கு மூன்றே செட்டிங். 'திரையோடு ஒத்திசை' என்பதை ஆஃப் செய்தேன். அது இருந்தால் படத்தின் வேகத்துக்கு ஏற்ப ஒலியை இழுத்துக் குறுக்கும், பாஸ்த்ரூவும் நடக்காது. பாஸ்த்ரூவை ஆன் செய்து, ரிசீவருக்குத் தெரிந்த வகைகளை மட்டும் தேர்ந்தேன். மூன்றாவது, வெளியீட்டு அமைப்பை 'பெஸ்ட் மேட்ச்' என்று வைத்தேன். பாட்டோ படமோ எந்த வேகத்தில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் போகும்.

கார்டு ஒன்று, அதைப் பிடிக்க ஆசைப்படுபவர்கள் இரண்டு பேர். கோடி தொடங்கினால் எம்பிடியை நிறுத்தும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் ஒன்று போதுமானதாக இருந்தது.

அறை

இதுவரை சொன்ன அத்தனையையும் செய்துவிட்டு உட்கார்ந்து கேட்டால் முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உறுமல் இல்லை, கீச்சு இல்லை, மற்றபடி அதே பாட்டு. எதிர்பார்த்ததுதான். வித்தியாசம் வந்தது அளவுகோல் மைக் ஒன்றைக் கையில் எடுத்த பிறகு.

அளவு சரிபார்க்கப்பட்ட யூஎஸ்பி மைக், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள், நீளம் அளக்க ஒரு டேப். மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் சுருதியில் இருந்து மேலே ஏறும் ஒரு நீண்ட 'ஊஊய்' சத்தத்தை ஓட்டினால் வரைபடம் வந்துவிடும். என் அறை 4.6 மீட்டர் நீளம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 37 ஹெர்ட்ஸ். வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு குன்று நின்றது. சோஃபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. இந்த அலைக்குச் சுவரோரம்தான் உச்சம்.

சுவரில் இருந்து 1.5 மீட்டர் முன்னால், அதாவது நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், மைக்கை வைத்து அளந்தேன். குன்று கிட்டத்தட்ட 6 டெசிபல் இறங்கியது. இதன் இரட்டிப்பான 74 ஹெர்ட்ஸில் இருந்த மேடும் கூடவே சரிந்தது. ஆனால் சோஃபாவை அங்கே போட்டால் அறையில் ஆள் நடமாட முடியாது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சோஃபா 1.1 மீட்டரில் நிற்கிறது. மிச்சத்தை சப்வூஃபருக்கு 37 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு குறுகிய வடிகட்டி போட்டுச் சரிக்கட்டினேன். பள்ளங்களை நிரப்பப் பார்க்கவில்லை. அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்யும் இடத்தில் எவ்வளவு சத்தம் கொட்டினாலும் காணாமல்தான் போகும், ஆம்ப்ளிஃபையர் சூடாவதுதான் மிச்சம்.

ஸ்பீக்கரில் இருந்து சப்வூஃபருக்கு மாறும் இடத்தை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். ரிசீவரின் தானியங்கி அளவீடு சப்வூஃபர் 5 மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதாகச் சொன்னது. டேப்பில் மூன்றரைகூட வரவில்லை. அதை 'திருத்த' வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டியின் தாமதத்தையும் சேர்த்து தூரமாகச் சொல்கிறது. மீட்டருக்குச் சுமார் 3 மில்லிநொடி என்று வைத்தால் கணக்கு சரியாக வரும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி. ரிசீவர் இப்படி வடிகட்டி, தாமதம் என்று பிட்டுகளைப் புரட்டிப் போடுகிறது. சில ரிசீவர்கள் அறைத் திருத்தம் ஆனில் இருந்தால் எல்லாவற்றையும் 48-க்கு மாற்றியும்விடும். பிறகு எதற்கு அத்தனை பாடுபட்டு பிட் மாறாமல் அனுப்புவது? எனக்குக் கிடைத்த பதில்: மாற்றம் இப்போது ஒரே இடத்தில், நான் மைக் வைத்து அளந்த இடத்தில் நடக்கிறது. 'டைரக்ட்' பொத்தானை அழுத்தி இந்தத் திருத்தங்களை எல்லாம் தூக்கிவிட்டும் கேட்டுப் பார்த்தேன். 37 ஹெர்ட்ஸ் குன்று திரும்பி வந்தது, சப்வூஃபர் பாட்டில் இருந்து விலகியது. பிட் சுத்தமாக இருந்ததற்காக அதை மன்னிக்க முடியவில்லை.

ஃபேன் சத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பாட்டின் மெல்லிய இடங்களை மறைப்பது 16-வது பிட் அல்ல, இரண்டு மீட்டர் தள்ளிச் சுழலும் விசிறி. பயாஸில் விசிறியின் குறைந்தபட்ச வேகத்தை இறக்கினேன், கீழே நாலு ரப்பர் பாதம் ஒட்டினேன், பாட்டு இருந்த ஹார்டு டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக வேறு அறைக்கு அனுப்பினேன். டிஸ்க்கின் 'கடக் கடக்' போனதும்தான் அது எவ்வளவு தொந்தரவாக இருந்தது என்று தெரிந்தது.

செலவும் அடுத்த முறையும்

மொத்தச் செலவில் முக்கால் பங்கு அந்த மைக். ரிசீவரின் விலையோடு பார்த்தால் அதுவும் சின்னத் தொகைதான். மீதி எச்டிஎம்ஐ கேபிள், ஆப்டிகல் கேபிள், ரப்பர் பாதம். இரண்டு மீட்டருக்கு விலை குறைந்த எச்டிஎம்ஐ கேபிளிலேயே சோதனைக் கோப்பு தவறாமல் விளக்கை எரிய வைக்கிறது, நீளமான 4கே படமும் பொட்டுப் பொட்டாகத் தெறிக்காமல் ஓடுகிறது. அதற்கு மேல் கேபிளுக்குக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நடுவில் ஒரு யூஎஸ்பி டாக்கை (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) இரவல் வாங்கிப் பார்த்தேன். லினக்ஸில் டிரைவர் தேடாமலேயே உடனே வேலை செய்தது. ஆனால் அது அனலாக்காக ரிசீவருக்குள் போனதும் ரிசீவர் அதை மறுபடி டிஜிட்டலாக்கித்தான் அறைத் திருத்தம் செய்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரிசீவர் இல்லாமல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் மட்டும் வைத்திருப்பவருக்கு அதே டாக் சரியான வழியாக இருக்கும்.

மறுபடி செய்வதானால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் மைக்கும் சோஃபாவும், அடுத்து விசிறி, அதன் பிறகு சோதனைக் கோப்பு, கடைசியில்தான் எம்பிடி வரிகள்.

ஒன்று இன்னும் தீரவில்லை. 44.1 பாட்டில் இருந்து 48 பாட்டுக்கு மாறும்போது ரிசீவர் புதிய வேகத்தைப் பிடிக்க ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. 'டிக்' என்று ரிலே சத்தம், பாட்டின் முதல் அரை நொடி காணாமல் போகிறது. ஒரே ஆல்பத்துக்குள் இந்தத் தொல்லை இல்லை, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. கலவைப் பட்டியல்களில்தான் வெட்டு விழுகிறது. கோடியில் கருவியை எப்போதும் விழித்திருக்க வைக்கும் செட்டிங் உதவியது. ஆனால் அது வேகம் மாறாதபோது மட்டும்தான். இப்போதைக்குக் கலவைப் பட்டியலுக்கு என்று மூன்றாவதாக ஒரு எம்பிடி வெளியீடு வைத்து, அதில் மட்டும் எல்லாவற்றையும் சாக்ஸ் என்ற ஒலி மென்பொருளின் மிக உயர்ந்த தர ரீசாம்ப்ளரால் 48-க்கு மாற்றி அனுப்புகிறேன். வெட்டு விழுவதில்லை.